தண்ணீரில் தெரிந்த விரிசல்

நேபாளத்தில், பாடன் நகரத்துப் பட்டறையில் ஹீராமாயாவின் காதுக்குத் தப்பி ஒரு கிண்ணமும் வெளியே போனதில்லை. மடங்களில் ரீங்கரிக்க வைக்கும் கிண்ணம் அது; அடித்து முடித்த வெண்கலக் கிண்ணத்தின் விளிம்பை மரக்கட்டையால் சுற்றித் தேய்ப்பாள். ரீங்காரத்தில் லேசாகக் கரகரத்தால் போதும், ஒதுக்கிவிடுவாள்.

குளிர்காலத்தில் வந்த ஜுரம் அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. புருஷன் போனபின் பட்டறையில் அவளுக்கு இடம் தந்ததே அந்தக் காதுதான். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைச் சமாளித்தாள்.

மடத்துக்குப் போன கிண்ணம் ஒன்று விரிசலோடு திரும்பி வந்தது. கொழுந்தன் நுச்சேரத்னா எதிரில் வந்து நின்றான்.

"பௌஜு, மடத்து லாமா வந்திருக்காரு. அவரு முன்னாலயே இந்த மூணையும் பாத்துச் சொல்லுங்க. இன்னொன்னு தப்பிச்சா நம்ம பேரு நாறிடும்."

"அண்ணன் பொண்டாட்டிக்கே பரீட்சையா? நடத்து, நடத்து."

சிரித்தபடி கிண்ணங்களை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் கிண்ணத்தைத் தட்டினாள். உள்ளங்கையில் கூச்சம் மட்டும். கிண்ணங்களைக் கழுவும்போது உள்ளே தண்ணீர் துள்ளுவதைக் கவனித்திருந்தது நினைவுக்கு வர, செம்பை இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

தேய்க்கத் தேய்க்க, கண்ணுக்குத் தெரியாமல் விளிம்பு உள்ளும் புறமுமாக அதிர்ந்தது. தண்ணீர் நாலு இடத்தில் சிலிர்த்துத் துளித்துளியாய்த் துள்ளியது. கட்டையை எடுத்த பிறகும் நடுக்கம் நெடுநேரம் நின்றது. இரண்டாவதும் அப்படியே.

மூன்றாவதில் தண்ணீர் மந்தமாய்ச் சிலிர்த்தது. கையெடுத்ததும் அடங்கிப்போயிற்று. மறுபடி தேய்த்தாள். அதே கதை. தப்பாகிப் போனால்?

"இதுதான்" என்று தள்ளினாள்.

நுச்சேரத்னா வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மயிரிழை விரிசல் ஒன்றில் ஈரம் கசிந்திருந்தது. லாமா தலையசைத்தார். அவளுக்கு உயிர் வந்தது. குனிந்து தரையைத் துடைத்து நிமிர்ந்தபோது, இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டார்களோ!

லாமா போனதும் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"எப்போலேர்ந்து, பௌஜு?"

"ஜுரத்துலேர்ந்து."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா அப்புறம் எங்கே உக்கார வெப்பே?"

செம்பை நிரப்பி அவள் பக்கம் வைத்தான்.

அதன்பின் அவன் காதாலும் அவள் தண்ணீராலும் பார்த்தார்கள். இருவரில் ஒருவர் ஒப்பாவிட்டாலும் கிண்ணம் உலைக்குத் திரும்பியது. ஆரம்பத்தில் தினமும் சண்டைதான்.

"நல்லாத்தானே பாடுது, பௌஜு!"

"தண்ணி துள்ளலையே. எடு அதை!"