முன் பிரேக்கைப் பிடித்தவர்

இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொல்லவில்லை. கட்டத் தெரிந்திருந்தால் இதைவிட நல்ல முடிவாகக் கட்டியிருப்பேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி இல்லை. இடி மின்னல் இல்லை. ஒரு நாய்கூட ஊளையிடவில்லை. சாயங்காலம், விளக்கு போடும் நேரம். மாடியில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. இப்படிக் கௌரவமில்லாத நேரத்திலும் அது வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் மனைவியின் தம்பி பல மாதங்களாக எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒரு கம்பெனியில் துணை மேலாளர். கம்பெனியை மூடிவிட்டார்கள், அவனுடைய தோரணையை மூட ஆளில்லை. பல் தேய்ப்பதற்குக்கூட "ஒரு பிளான் போட்டுக்கலாம் அத்தான்" என்பான். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலை கிடைத்த அன்று வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போனில் குழந்தையோடு பேசும்போது மட்டும் அவன் குரலில் துணை மேலாளர் இருக்கமாட்டார்.

ஒருவழியாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஒன்று அமைந்தது. சொந்த வண்டி வேண்டும். திங்கட்கிழமை காலை டிப்போவில் வண்டியோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. தரகர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

"முன் பிரேக் மட்டும் லேசாப் பிடிக்கும் சார். மத்தபடி புதுப் பொண்ணு மாதிரி," என்றார்.

லேசாக இல்லை. லீவரை ஒரு தடவை அழுத்தினால் போதும், கையை எடுத்த பிறகும் சக்கரம் விடாது. தள்ளினால் வண்டி கழுதை மாதிரி அடம்பிடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் கடை எல்லாம் மூடல். நானும் அவனும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் காரியத்தில் இறங்கினோம். 'இங்கே வாகனப் பழுது பார்க்கக் கூடாது. நிர்வாகக் குழுவின் ஒருமனதான தீர்மானம்' என்று சுவரில் பலகை தொங்கியது. நிர்வாகக் குழு என்பது முதல் மாடித் தலைவரும் அவர் மனைவியும். அந்த அம்மாளுக்கு ஒருமனதாக இருப்பதைத் தவிர வேறு வழியிருந்திருக்காது.

பாதி வேலை சுலபமாக முடிந்தது. ஆயில் குழாயைப் பிரித்து, சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றினேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றி அழுக்கு கல்லாக இறுகியிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். மைத்துனன் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தான்.

"இதுக்கு முதல்ல ரூட் காஸ் என்னன்னு பார்க்கணும் அத்தான்."

"முதல்ல அந்தத் துணியை எடு மாப்ள."

இனி ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் நுழைந்த காற்றை வெளியேற்றும் வேலை. இதற்கு இரண்டு ஆள் தேவை. ஒருவர் மேலே லீவரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் கீழே உட்கார்ந்து காலிப்பரில் இருக்கும் சின்ன நட்டைத் திறக்க வேண்டும். ஆயிலோடு காற்றுக் குமிழி வரும். நட்டை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்க்க முடியாது, நம்பித்தான் ஆகவேண்டும். கல்யாணம் மாதிரி.

நட்டில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது.

போன் டார்ச்சைப் போட்டுச் சக்கரத்தில் சாய்த்து வைத்தேன். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"பிடி," என்றேன்.

க்ரீ...ச். லீவர் முனகியது. நட்டைத் திறந்தேன். குமிழிகள். மூடினேன்.

"விடு."

டக்.

"பிடி." க்ரீ...ச். "விடு." டக். அருமையான ஒத்துழைப்பு. ஒரு நொடி முந்தவில்லை, பிந்தவில்லை. முக்கியமாக, பேச்சே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் வாயைத் திறக்காமல் செய்த முதல் வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயிலைத் துடைக்கக் குனிந்தபோது, எதிர்ப்பக்கம் கால் வைக்கும் கம்பியில் ஒரு ஷூ தெரிந்தது. காய்ந்த சேறு அப்பிய ஷூ. நின்றுகொண்டிருந்தவன் எப்போது ஏறி உட்கார்ந்தான்? வீட்டிலிருந்து கீழே இறங்கி வருவதற்கு ஷூ எதற்கு? துணை மேலாளர் அல்லவா, செருப்போடு வேலை பார்ப்பாரா என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் விழுந்தது. தலைவர்.

"பலகை கண்ணுக்குத் தெரியலையா சார்?"

"அஞ்சு நிமிஷம் சார். முடிஞ்சுது."

"கூட இருக்கிறவருக்காவது மரியாதை தெரியவேணாமா. நான் கூப்பிடறேன், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேங்கிறாரு. நிக்கிற வண்டியில ஹெல்மெட் வேற."

முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் போனார்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது.

எங்களிடம் ஹெல்மெட் கிடையாது. மறுநாள் போகிற வழியில் வாங்குவதாக இருந்தான்.

"பிடி," என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

க்ரீ...ச்.

நட்டைத் திறந்தேன். மூடினேன்.

"விடு."

...

"விடு மாப்ள."

சத்தமில்லை. குக்கர் விசில்கூட இல்லை.

சக்கரத்தில் சாய்ந்திருந்த போன் அதிர்ந்தது. எடுத்தேன்.

"அத்தான், கடையில இருக்கேன். பிரேக் ஆயில் மூணாம் நம்பரா, நாலாம் நம்பரா?"

மைத்துனன் குரல். பின்னால் பஸ் ஹாரன்.

"நீ... எப்போ போனே?"

"கரண்ட் போறதுக்கு முன்னாடியே. ஆயில் பத்தாதுன்னு பக்கத்துல நின்னு சொன்னேனே. நீங்க நட்டையே பார்த்துக்கிட்டுத் தலையை ஆட்டினீங்க."

டார்ச்சை உயர்த்தினேன்.

கால் கம்பியில் ஷூ இல்லை.

சீட்டில் யாரும் இல்லை.

லீவர் மட்டும்... கைப்பிடியோடு ஒட்டி அழுந்தியிருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெதுவாக... மிக மெதுவாக...

டக்.

கைப்பிடி ரப்பரைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "இருட்டுல மூளைக்கு டேட்டா கிடைக்கலைன்னா அதுவா ஃபில் பண்ணிக்கும் அத்தான்," என்றான். ஒற்றை விரலால் சக்கரத்தைத் தட்டினான். ஃபேன் மாதிரி சுழன்றது. லீவரை அழுத்தினான், நின்றது. விட்டான், சுழன்றது. மீதி ஆயிலை ஊற்றி மூடியைத் திருகினான்.

"பார்த்தீங்களா, ரிசல்ட் வந்திருச்சு."

"நாளைக்குப் பஸ்ல போ மாப்ள."

"அவங்க பார்க்கப்போறது வண்டியை அத்தான், என்னை இல்ல." கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினான். "அவகிட்ட சொல்லிட்டேன். பாப்பா நாளைக்கு வருது."

இதைச் சொன்னபோது குரலில் துணை மேலாளர் இல்லை. நான் ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை. டிப்போவுக்குக் கொஞ்சம் முன்னால், நேரான சாலை. குறுக்கே யாரும் வரவில்லை. எதிரே எதுவும் இல்லை. முன் சக்கரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்றார் அங்கே டீக்கடை வைத்திருப்பவர். வண்டி அவனைத் தூக்கி எறிந்துவிட்டு அவன் மேலேயே விழுந்தது.

அன்று சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. என் மனைவி ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். பெட்டியும் குழந்தையுமாக அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"அவர் வேலைக்குப் போயிட்டாரா அண்ணா?" என்று கேட்டாள்.

போலீஸ் சார்பில் வண்டியைச் சோதித்த மெக்கானிக் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "பிரேக்ல ஒரு குறையும் இல்ல சார். யாரோ நல்லாப் பார்த்துச் சரி பண்ணியிருக்காங்க."

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எங்களுக்கு முந்தைய பெயர் ஒன்று இருந்தது. விலாசம் தேடிப் போனேன். அந்தப் பெயருக்கு உரியவர் சுவரில், போட்டோவில் இருந்தார். சின்ன வயது. அப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் விபத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். பிறகு கேட்டார்.

"ஏர் எடுத்தீங்களா?"

"ஆமா."

"மேல பிடிச்சது யாரு?"

கைப்பிடி ரப்பரைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்தேன்.

"எம்பையன் வாசல்ல உட்கார்ந்து எடுத்தான். முடிச்சிட்டுக் கடைக்குப் போன் பண்ணி 'தேங்க்ஸ்பா'ன்னான். எதுக்குடான்னேன். 'பிரேக் பிடிச்சதுக்கு'ன்னான்." கொஞ்ச நேரம் போட்டோவைப் பார்த்தார். "நான் காலையிலேருந்து கடையை விட்டு நகரல சார். விளையாடுறான்னு நினைச்சேன். மறுநாள் போனவன்தான்."

"அவருக்கு முன்னாடி வண்டி யார்கிட்ட இருந்தது?"

"யார்கிட்டயும் இல்ல. புதுசா வாங்கினது."

நேராகப் பழைய இரும்புக்கடைக்கு ஓடினேன். போலீஸ் விட்ட வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மனைவி அங்கேதான் எடைக்குப் போடச் சொல்லியிருந்தாள். உடைத்திருப்பார்கள், உடைத்திருக்க வேண்டும்...

"அந்த வண்டியா சார்? இன்ஜின் நல்லா இருந்துது, உடைக்க மனசு வரல," என்றார் கடைக்காரர். "முன்னாடி வளைஞ்சதை மாத்திக் குடுத்துட்டேன். மக காலேஜ் போகன்னு ஒருத்தர் வந்து தள்ளிட்டுப் போனாரு."

"யாரு? எந்தப் பக்கம்?"

"தெரியாதே சார். வழியில போனவரு." என் முகத்தைப் பார்த்து அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் ஏமாத்தல. முன் பிரேக் மட்டும் லேசாப் பிடிக்குதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வீட்டுலயே சரி பண்ணிக்கிறேன்னாரு."