நான் திரும்பக் கேட்ட கையெழுத்து

பிரியமானவர்களே, என் பெயர் சாந்தி. ஓசூர் மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஒன்பது வருடம் ஆகிறது. சாட்சி சொல்ல எழுந்தால் எல்லோரும் தாங்கள் பட்ட கஷ்டத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் என்னுடைய ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நான் வேலை பார்த்தது வண்டிகளுக்கு இரும்புப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. ஆறு வருடமாகப் பிரஸ் பகுதியில் லைன் லீடர். பிரஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. அதற்காகத்தான் அந்த இரண்டு பட்டன்.

ஆனால் அதில் நேரம் போகும். எங்கள் லைனில் டார்கெட்டை எட்டுவதற்காக ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகி வைத்துவிட்டு, ஒரு கையால் ஓட்டச் சொன்னார்கள். சொன்னவர் சூப்பர்வைசர் டேனியல் அண்ணன். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. தினமும் காலையில் மெஷின் பாதுகாப்பாக இருக்கிறது என்று தாளில் டிக் போடுவது என் வேலை. கட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டிக் போட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. மாதக்கணக்காக.

டேனியல் அண்ணன் எனக்கு யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். அப்போது எங்கள் சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த பொறுப்பு. என் மகள் திவ்யா டெங்குவில் கிடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, தலைமாட்டில் முழங்கால் போட்டு ஜெபித்தவர். இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எதையும் மறைக்காதே சாந்தி, பேரையும் போட்டு எழுது" என்றார்.

போன வருடம் உகாதி கழிந்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட். தளி பக்கத்திலிருந்து வந்த நாகரத்னா என்ற பெண் மூன்றாவது பிரஸ்ஸில் இருந்தாள். கன்னடம் பேசுகிற பெண். இருபத்து மூன்று வயது. காண்ட்ராக்டில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தகடு கொஞ்சம் கோணலாக இருந்திருக்கிறது. சரிசெய்ய வலது கையை உள்ளே விட்டிருக்கிறாள். இடது கை பட்டனில் பட்டுவிட்டது.

முதலில் ஓடியது நான்தான். என் துப்பட்டாவை அவள் கையில் சுற்றினேன். இரண்டு விரல் இல்லை. அவள் அழக்கூட இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியமே எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் இங்கிலீஷில் டைப் செய்த ஒரு தாள். நாகரத்னா யாருக்கும் தெரியாமல் தானே கட்டையைச் செருகி ஓட்டினாள் என்று எழுதியிருந்தது. டேனியல் அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"கையெழுத்துப் போட்ரு சாந்தி. அவ வைத்தியத்தக் கம்பெனியே பாத்துக்கும். நீயும் நானும் மாட்டிக்கிட்டா நம்ம புள்ளைங்க கதி என்னாகும், சொல்லு?"

பேனாவை அவரே திறந்து நீட்டினார். போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜெபிக்க முழங்கால் போட்டேன். வாய் திறக்கவில்லை. எழுந்து சோறு வடித்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாகரத்னாவின் கை பெரிய கட்டுக்குள் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"அக்கா, நானே கட்டை வெச்சேன்னு சொல்றாங்களாம். நானு ஏனூ மாடில்லா அக்கா. நான் ஒண்ணுமே பண்ணல. உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்க ஜீசஸ் கும்பிடறவங்க, பொய் சொல்ல மாட்டீங்க."

அந்த வார்த்தையை என்னால் நின்று கேட்க முடியவில்லை. நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அதைச் சொன்னேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் எச்.ஆர். அறைக்கு நானே போனேன்.

"சார், அன்னைக்கு நான் போட்ட கையெழுத்து தப்புங்க. அந்தத் தாளைத் திருப்பிக் குடுத்துருங்க."

"குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"நடந்தத எழுதித் தர்றேன். கட்டைய வெக்கச் சொன்னது யாருன்னு எழுதறேன். தெனமும் நான் பொய்யா டிக் போட்டதையும் எழுதறேன்."

தாளைத் தரவில்லை. வேண்டுமானால் தனியாக எழுதுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்கள். தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது மனது லேசாகக்கூட இருந்தது.

பத்து நாளில் என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். காரணம், பொய்யாக டிக் போட்டதாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாகரத்னாவுக்காக நான் சொன்னதும் எடுபடவில்லை. மாதக்கணக்காகப் பொய் எழுதியவள், ஒருமுறை ஒன்று, மறுமுறை இன்னொன்று என்று கையெழுத்துப் போடுகிறவள், இவள் பேச்சை எப்படி நம்புவது என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்ன உண்மை யாருக்கும் உதவாமல் போனதற்கு நானே காரணம்.

அடுத்த ஆறு மாதத்தை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. என் கணவர் மாதேஷ் ஆட்டோ ஓட்டுகிறார். அவர் விசுவாசி இல்லை. என்னைச் சபைக்குப் போக வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நாட்களில்தான் முதல்முறையாகக் கேட்டார்.

"உன் சாமி பொய் சொல்லாதேன்னுச்சு. சரி, கேட்ட. இப்போ எங்க போச்சு அது?"

எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த பிறகு கட்டைகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆனால் டார்கெட்டைக் குறைக்கவில்லை. எட்ட முடியாமல் திட்டு வாங்கினார்கள். அந்தக் கோபமெல்லாம் என் மேல் திரும்பியது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "நீ நல்லவ ஆவறதுக்கு எங்க வயித்துல அடிச்சிட்ட."

ஞாயிற்றுக்கிழமைகளில் டேனியல் அண்ணன் முன்னால் நின்று ஜெபம் நடத்துவார். நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பேன். பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆனால், "சிஸ்டர், அவர் இத்தனை வருஷமா நமக்குத் தெரிஞ்சவரு. ஜெபம் பண்ணுவோம்" என்றார். என்னை நம்பவில்லை என்று புரிந்தது. சபையைவிட்டுப் போய்விடலாம் என்று எத்தனையோ முறை செருப்பை மாட்டினேன். போவதற்கு வேறு இடம் இல்லாததால் உட்கார்ந்தேன். அதைத்தான் பொறுமை என்கிறார்களோ என்னவோ. என்னிடம் இருந்த பொறுமை அவ்வளவுதான். ஜெபிக்க உட்கார்ந்தால் "இயேசப்பா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வராது. சில நாள் அதுவும் வராது.

ஒன்று மட்டும் விடாமல் செய்தேன். நாகரத்னா மத்திகிரியிலேயே ஓர் அறையில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அவளால் ஒரு கையால் தலை பின்ன முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவேன். முதல் ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. தலையை மட்டும் காட்டுவாள். நானும் பேசமாட்டேன். பின்னிவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள், "இறுக்கிப் பின்னுங்கக்கா, சீக்கிரம் அவுந்துடுது" என்றாள். அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அழுதேன்.

நியாயம் கேட்டு அவள் குடும்பத்தார் கிருஷ்ணகிரியில் அரசாங்க அதிகாரியிடம் மனு கொடுத்திருந்தார்கள். விசாரணை தள்ளித் தள்ளிப் போனது. மற்றவர்கள் வேலைக்குப் பயந்து ஒதுங்கிவிட, சாட்சி என்று சொல்ல நான் ஒருத்திதான்; அந்த ஒன்றரைப் பக்கத்தை அங்கேயும் எழுதிக் கொடுத்திருந்தேன். என் சாட்சியின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

ஐப்பசி மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, நாகரத்னாவின் அம்மா புட்டம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும். நாளைக்கு உன் கோயிலுக்கு நானும் வருகிறேன், உன் சாமியிடமும் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். சரி என்றேன். எங்கள் சபையில் யாராவது கன்னடத்தில் ஜெப விண்ணப்பம் சொன்னால் பாஸ்டரின் மனைவிதான் தமிழில் சொல்லுவார். அவர் அன்று ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

விண்ணப்ப நேரத்தில் புட்டம்மா எழுந்து முன்னால் போனார். மொழிபெயர்க்க யார் என்று பாஸ்டர் சுற்றிலும் பார்த்தார். பிறகு, "டேனியல் பிரதர், நீங்க வாங்க" என்றார்.

கன்னடப் பெண்களை வைத்து வேலை வாங்கியவர், அவருக்குக் கன்னடம் வரும். புட்டம்மா அவரைப் பார்த்ததே இல்லை. அவருக்கும் இந்த அம்மா யார் என்று தெரியாது. நான் எழுந்து, நானே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பயத்தாலா, வேண்டுமென்றா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அதை ஆண்டவரிடம் விட்டுவிட்டேன்.

புட்டம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். டேனியல் அண்ணன் தமிழில் திருப்பிச் சொன்னார். எனக்கு ஒரே மகள். ஓசூரில் கம்பெனிக்கு வந்தாள். மெஷினில் கை போய்விட்டது. அந்த இடத்தில் அவர் குரல் மாறியது. ஆனாலும் சொல்லிக்கொண்டு வந்தார். அவளே தப்புச் செய்தாள் என்கிறார்கள். கேட்க எங்களுக்கு யாருமில்லை.

பிறகு புட்டம்மா அவர் முகத்தையே பார்த்துச் சொன்னார். "நன்ன மகளு சுள்ளு ஹேளல்லா."

டேனியல் அண்ணன் நின்றுவிட்டார். மைக்கைப் பிடித்தபடி நின்றார். கன்னடம் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லையோ என்று நினைத்த புட்டம்மா, அதையே மறுபடி நிதானமாகச் சொன்னார். இந்த முறை டேனியல் அண்ணன் தமிழில் சொன்னார். யாருக்கும் சரியாகக் கேட்காத அளவுக்கு மெல்லச் சொன்னார்.

"என் மகள் பொய் சொல்ல மாட்டாள்."

மைக்கை பாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று அவர் திரும்பி வரவில்லை.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மாதேஷ்தான் கதவைத் திறந்தார். விலகி வழிவிட்டார். டேனியல் அண்ணன் உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை.

"சாந்தி, நாளைக்குக் கிருஷ்ணகிரி போறேன். கட்டைய வெக்கச் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுக்கப் போறேன். நீயும் வர்றியா? தனியாப் போகப் பயமா இருக்குது."

"எனக்கும் அன்னைக்குப் பயமாத்தாண்ணா இருந்துச்சு. வர்றேன்" என்றேன்.

பஸ் சூளகிரி தாண்டியது. பிறகு, "உன்னத் தனியா விட்டுட்டேன்" என்றார். நானும்தான் நாகரத்னாவைத் தனியாக விட்டேன். அதைச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஏதோ சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் எழுதிக் கொடுத்ததும் என் ஒன்றரைப் பக்கத்துக்கும் உயிர் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்து அதிகாரி விசாரித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் உத்தரவு வந்தது. நாகரத்னா மேல் தவறில்லை, அவளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இருந்தது. அதைக் கேட்டு அவள் துள்ளிக் குதிக்கவில்லை. "என்னைய நம்புனாங்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இதைக் கேட்கிறவர்கள், பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. விரல்கள் வரவில்லை. டேனியல் அண்ணனுக்கு வேலை போனது. மூப்பர் பொறுப்பிலிருந்தும் அவராகவே விலகிவிட்டார். என்னையும் திரும்ப எடுக்கவில்லை. இப்போது பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா கட்டுகிற வேலைக்குப் போகிறேன். விரலெல்லாம் முள். தெருவில் சிலர் பேசுகிறார்கள், சிலர் இன்னும் பேசுவதில்லை. நாகரத்னா ஊரோடு போய், இடது கையால் எழுதப் பழகி, பால் சொசைட்டியில் ரசீது எழுதுகிறாள். மாதேஷ் இன்னும் சபைக்கு வரவில்லை. ஆனால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தாளு வீடு தேடி வந்தான் பாரு, அது சாதாரண விஷயமில்ல" என்றார். அது போதும் எனக்கு.

நான் ஆண்டவரிடம் கேட்டது வேறு. என் வேலையைத் திருப்பித் தாரும், நான் சொன்னது சரி என்று எல்லோருக்கும் காட்டும் என்று கேட்டேன். அவரோ, மகளின் பெயர் கெட்டதற்காக அழுத ஒரு தாயின் ஜெபத்தைக் கேட்டார். அந்தப் பதிலில் எனக்கும் கொஞ்சம் இடம் கொடுத்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லி முடியாது. நான் இப்போது எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை, பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவதில்லை. ரோஜாக்கட்டில் எத்தனை பூ என்பதைக்கூட எண்ணாமல் சொல்வதில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் சிரிக்கிறார்கள்.

உங்களில் யார் முன்னாலாவது இன்று அப்படி ஒரு தாள் இருக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு, சோறு இறங்காமலும் இருக்கலாம். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு அப்படி முடியவில்லை. ஆனால் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்குச் சொல்லும் முன்னும் பயம் போகவில்லை, சொன்ன பின்னும் போகவில்லை. ஆண்டவரும் என்னை விட்டுப் போகவில்லை.