என் அப்பாவின் வானைத் திருத்திய தவராசா

ஏறாவூர் லொறிச் சாரதி நிஸ்தார்தான் செய்தியைக் கொண்டுவந்தார். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். "தவராசா பாஸ் மோசம் போயிட்டாராம். காலையில கராஜைத் திறக்கக்குள்ள நெஞ்சு நோகுது எண்டிருக்கார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிட்டாம்."

கையிலிருந்த சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துக்கம் வந்தது. அவனுக்காக அழப்போகிற கூட்டத்தை நினைத்ததும் பழைய பொறாமையும் கூடவே வந்தது. அவனை அறிந்த உங்களிடம் இதை மறைக்க என்ன இருக்கிறது? அவன்மேல் பொறாமைப்படாத மெக்கானிக் செங்கலடியில் யார் இருந்தார்?

நாங்கள் இருவரும் ஒரே கராஜில் தொழில் பழகியவர்கள். பிறகு அவன் பதுளை வீதியில் கராஜ் போட்டான். நான் வந்தாறுமூலைப் பக்கம் போட்டேன். சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கென்று புதுப்புது வாகனங்கள் வந்து இறங்கின. அவற்றின் டாஷ்போர்ட்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் லைட் எரியும். சாரதிகள் பயந்து ஓடிவருவார்கள். பிழையை வாசித்துச் சொல்லும் மெஷினை எங்கள் பகுதிக்கு முதலில் கொண்டுவந்தவன் நான். ஆனாலும் வரிசை அவன் வாசலில்தான் நின்றது.

ஏறாவூர்ப் புடவைக்கடை ஹாஜியார் ஒருமுறை லைட் எரிகிற காரோடு என்னிடம் வந்தார். பெற்றோல் ஆவி எங்கோ கசிகிறது என்று மெஷின் காட்டியது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடினேன். ஹாஜியார் பொறுமை இழந்து தவராசாவிடம் போய்விட்டார். அங்கே நடந்ததை அவரே பிறகு என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

"ஹாஜியார், லைட் எரியிறதுக்கு முதல் எங்க போனீங்க?"

"ஓட்டமாவடிக்கு. வாற வழியில பெற்றோல் அடிச்ச."

"மூடியை ஆரு பூட்டின?"

பெற்றோல் தாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. புது மூடி போட்டு இரண்டொரு நாள் ஓடியதும் லைட் தானாக அணைந்துவிட்டது. மெஷின் அவனிடமும் இருந்தது. அதை வண்டியில் பூட்டுவதற்கு முன்னால் அவன் பேசுவான், அவ்வளவுதான். "லைட் எரியிறது இப்பதான். வண்டிக்கு வருத்தம் வந்தது எப்பயோ" என்பான். வாகரைப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் போத்தலில் விற்ற பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும். பிளக் கரிபிடித்து, வண்டி இழுக்காமல் உதறும். அப்போது சாரதிகளுக்கு அவன் சொன்னதை இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். "சும்மா எரிஞ்சா மெல்லமா ஓட்டிக்கொண்டு வாங்க. மினுங்கினா உடனே நிப்பாட்டுங்க."

இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. என் அப்பா தன் வான் வண்டியை அவனிடம் கொண்டுபோனார்.

அப்பா வாடகைக்கு வான் ஓடியவர். சுனாமி நடந்து சில மாதங்களில் அந்த வானிலும் லைட் எரிந்தது. புகைக்குழாயில் இருக்கும் சென்சர் பிழை என்று மெஷின் காட்டியது. புதிது வாங்கிப் போட்டேன். ஒரு கிழமையில் திரும்பவும் எரிந்தது. அப்பா வானை எடுத்துக்கொண்டு பதுளை வீதிக்குப் போனார். காலையில் போனவர் பின்னேரம்தான் வந்தார். லைட் அணைந்திருந்தது. அடியில் சென்சருக்குப் போகும் வயர் முனை உப்புத்தண்ணீர் பட்டுப் பச்சை பூத்திருந்ததாம்.

"உப்புத்தண்ணி எப்பிடி அப்பா பட்டது?" என்றேன்.

"அதெல்லாம் தவராசாட்டச் சொல்லிட்டன்" என்று உள்ளே போய்விட்டார்.

அதன்பின் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அப்பா அங்கே போனார். இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேசியிருப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். என்னிடம் பேசாத அப்பா அவனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார்.

சண்டை முடிந்த வருடம் ஒரு கலியாண வீட்டில் தவராசா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்பா வான் கொண்டுவந்த அண்டைக்கு உன்னட்ட என்ன சொன்னவர்?"

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அது அவர் எனக்குச் சொன்னது. நான் சொல்லமாட்டன் கா. உனக்கு வேணுமெண்டா நீ அவரிட்டக் கேள்."

எனக்கு வந்த கோபத்தில் பாயாசம் வருமுன் எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த கையோடு அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் இருத்தினார். பிறகு சொன்னார்.

சுனாமி அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் வானைக் கொண்டுபோயிருக்கிறார். தெருவில் கடல்தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றது. கையில் பிள்ளையோடு ஒரு பெண் ஏறினாள். "பிள்ளைக்கு உயிரில்ல. எனக்குத் தெரியும். அவக்குத் தெரியாது. 'மெல்லமா ஓட்டுங்க அண்ணன், பிள்ள நித்திர' எண்டா. நான் மெல்லமாத்தான் ஓட்டின, மகன். அந்தத் தண்ணிக்குள்ள ஆஸ்பத்திரி மட்டுக்கும் மெல்லமாவே ஓட்டின."

அதைச் சொல்லி முடித்தபோது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். அதற்கு முன் எப்போது பிடித்தார் என்று எனக்கு நினைவில்லை.

செத்த வீட்டில் அப்பா தவராசாவின் காலடியில் நின்று வாய்விட்டு அழுதார். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தக் கதையை என் அப்பா முதலில் அவனிடம்தான் சொன்னார். அதை இனி யாராலும் மாற்ற முடியாது.

கலியாணப் பந்தியில் அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அப்பாவிடம் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதை அவன் எனக்குத் தர மறுத்தான். அந்த மறுப்பைத்தான் அவனிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன்.