சும்மா காட்டிய படம்

ரிங்லெட் ஊர் மண்டபத்தில் பகல்காட்சியாக இனாம் படம் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து சொன்னதிலிருந்து எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தீபாவளிக்குத் தோட்டத்தின் அன்பளிப்பாம். ஏற்றிப்போக லோரியும் வரும். நான் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

லோரி கிளம்பும் நேரத்தில் பெரியப்பா தேயிலை மலையிலிருந்து ஓடி வந்தார். முதுகிலிருந்த கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"சும்மா படம் காட்டுறேன்னு லோரி வந்தா ஏறக்கூடாதும்மா" என்றார்.

நம் தோட்டத்து லோரிதானே என்று அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. அதட்டிப் பேசவே தெரியாத மனிதர். அன்று பிடித்த கையை விடவேயில்லை. நான் மண்ணில் புரண்டு அழுததில் பாவாடையும் பாழ். மற்ற பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பி வந்து கதை கதையாய்ச் சொன்னார்கள். பெரியப்பா வாங்கி வந்த பிஸ்கட்டை நான் தொடவேயில்லை. எனக்கு அவ்வளவு ரோஷம்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில், தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில், இனாம் படம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, இளவட்டங்களை லோரியில் ஏற்றி சயாம் மரண ரயில்பாதை போடக் கொண்டுபோனார்களாம். தன் இன்னொரு தம்பியையும் அந்தப் படத்துக்குக் கூட்டிப் போனவர் பெரியப்பா. திரும்பி வந்தது அவர் மட்டும்தான். அதற்கும் முன்பு உலகமெங்கும் விலை சரிந்து, வேலை போய், சோற்றுக்கு அலைந்த சனங்களிடம் எல்லாம் அடுத்த இனத்தானால் வந்தது என்று வெறியேற்றியவர்கள் தூர தேசத்தில் ஆட்சியைப் பிடித்ததையும், ஜப்பான்காரன் அவர்களோடு கூட்டுச் சேர்ந்ததையும் பள்ளியில் படித்தேன். அவர்கள் மூட்டிய போர் ஒரு தோட்டத்து லயம் வரை வந்து அண்ணன் தம்பியைப் பிரித்திருக்கிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு, என் அழுகைக்காக அவர் செய்ததை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. மறு தீபாவளிக்கு இனாம் படம் போட்டபோது அவரே என்னை அழைத்துப் போனார். லோரியில் ஏறவில்லை; மலைச்சாலையில் நடந்தே போனோம். எனக்குக் கால் வலித்தபோது தூக்கிக்கொண்டார். மண்டபத்தில் என்னை வாசலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கதவு சாத்த முடியாதபடி அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். வெளிச்சம் வருகிறது என்று சனம் முணுமுணுத்தது. அவர் நகரவில்லை. படம் முடிகிறவரை திரைப் பக்கம் திரும்பவுமில்லை.

பெரியப்பாவுக்குப் படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.