அன்ரனாவும் ஜெசிந்தாவும்

"போனை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாரடி, சிக்னல் வரும்" என்கிறாள் பக்கத்து வீட்டு ஜெசிந்தா. அவளுடைய போனில் எப்போதும் எல்லாக் கோடும் நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வயதில் கரம்பொனில் எங்கள் ஒழுங்கைக்கே ஜெசிந்தா வீட்டில்தான் ரீவி. சோளகக் காற்று, நீளக் குழாயின் நுனியில் கட்டிய ரீவி அன்ரனாவைத் திருப்பிவிடும். முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவது நான், உள்ளே கதிரையில் இருந்து "இன்னும் கொஞ்சம்!" என்று கத்துவது அவள். ஒருநாள் எரிச்சலில், அவளும் ஒன்றும் பார்க்கக்கூடாதென்று குழாயை முழுதாய் மறுபக்கம் திருப்பினேன்.

"ஐயோ, படம் அந்தமாதிரித் தெளிவாய் வருது! அசையாமல் பிடியடி!"

படம் முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்குப் போனைத் தலைக்குமேல் தூக்கினேன். ஒரு கோடு வந்தது.

"அசையாமல் பிடியடி" என்றாள் ஜெசிந்தா, கதிரையில் இருந்தபடியே.