சைக்கிள், சைக்கிள், தோணி

அந்த மெஷினில் நான் சேவல், பாய் தோணி, அண்ணன் சைக்கிள். சொன்னால் பைத்தியக்காரப் பேச்சு போலத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், துபாய் அல் கூஸில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். கப்பல் சாமான்களைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. பழைய பயணிகள் கப்பல் ஒன்றிலிருந்து கழற்றி வந்த குப்பையில் கிடந்தது அந்தச் சூதாட்ட மெஷின். காசைப் போட்டுப் பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்தால், கண்ணாடிக்குப் பின்னால் மூன்று உருளைகள் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும். மூன்றிலும் ஒரே படம் வந்தால் கீழே காசு கொட்டும். இதுவோ துருவேறி இறுகிப் போயிருந்தது. எடைக்குப் போடச் சொன்னார் போர்மேன். அண்ணன் அதைத் தன் போர்வையால் சுற்றி, வேனில் மடியிலேயே வைத்துக்கொண்டு அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நான் பட்டுக்கோட்டைப் பக்கம். பாய் கீழக்கரை. மெஷினைப் பார்த்ததும் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "ஹராமான சாமானை உள்ள வெச்சுக்கிட்டு நான் எங்கண்ணே தொழுவுறது? போலீசுக்குத் தெரிஞ்சா மூணு பேருக்கும் கலாஸ், கதை முடிஞ்சுது!" என்று கத்தினார். மறுநாள் அண்ணன் ஒரு பித்தளைத் தகட்டை வெட்டி, காசு போடும் வாயை மூடிப் பற்றவைத்தார். காசு விழாவிட்டால் கைப்பிடி அசையாதபடி உள்ளே ஒரு பூட்டு உண்டு. அதையும் கழற்றினார். "இப்ப இது வெறும் மணிக்கூடு மாதிரித்தான் பாய்" என்றார். காசு கொட்டும் தட்டில் எங்கள் சோப்புகள் இடம்பிடித்தன.

பிறகு பல வெள்ளிக்கிழமைகள் அதற்கே போயின. சாமான்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஒடிந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாகப் பழைய டைப்ரைட்டரின் ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. படம் தெரிய உள்ளே ஒரு சின்ன பல்பு போட்டார். சைக்கிள் மணி ஒன்றையும் பொருத்தினார். உருளைகளில் ஒட்டியிருந்த பழப் படங்கள் மக்கிப் போயிருந்தன. அவற்றைச் சுரண்டிவிட்டுப் புதுத்தாள் ஒட்டி, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு படம் வரைந்தார். பாயின் வாப்பா தோணி வைத்திருந்தவர், அதனால் அவருக்குத் தோணி. எழுப்பினால் எழுந்திருக்காதவன் என்று கேலியாக எனக்குச் சேவல். தனக்கு அவர் சைக்கிளை வரைந்தார். அவர் புறப்பட்டபோது மனைவியின் கையில் குழந்தையாக இருந்த மகளுக்கு, அடுத்த முறை வரும்போது சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவள் கால் பெடலுக்கு எட்டுமா என்பதுதான் அந்தக் காலத்தில் எங்கள் அறையின் பெரிய விவாதம்.

மூன்று படமும் ஒன்றாக யாருக்கு விழுகிறதோ அவருக்குச் சமையல். இதுதான் அறையின் சட்டமாயிற்று. அத்தனை கத்திய பாய்தான் அதற்கு முதல் அடிமை. தோணி விழுந்துவிட்டால் மெஷினைப் பார்த்து, "உனக்கு என்னப்பா என் மேல கோவம்?" என்று முறையிட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்த நாட்கள் அவை.

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு எங்கள் அறையிலிருந்து ஒருவருக்குத்தான் லீவு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். யார் என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். பேச என்ன இருக்கிறது? அண்ணன்தான் நெடுநாளாகப் போகாதவர். போரில் யாழ்ப்பாணத்து ஜனமே வீட்டைப் போட்டுவிட்டு வன்னிக் காட்டுப் பக்கம் நடந்த பிறகு அவருக்குக் கடிதம் வருவதும் நின்றிருந்தது. கேட்டால், "சொந்தக்காரரோட சுகமா இருக்கினம்" என்பார். நீங்கள்தான் போக வேண்டும் என்று நானும் பாயும் சொன்னோம். அவர் தலையாட்டவில்லை. "இரக்கப்பட்டுத் தர வேண்டாம். மெஷின் சொல்லட்டும்" என்றார். ரோஷக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாய் வந்ததும் இழுத்தோம். சைக்கிள், சைக்கிள், தோணி. மறுபடியும் இழுத்தோம். சேவல், தோணி, சேவல். பிறகு மீண்டும் சைக்கிள், சைக்கிள். மூன்றாவது உருளை தயங்கித் தயங்கிச் சுற்றும்போது பாய் வாய்விட்டு, "யா அல்லா, சைக்கிள், சைக்கிள்!" என்று வேண்டினார். சேவலில் போய் நின்றது. என் படம் வந்ததற்கு நானே எரிச்சல்பட்டது அன்றுதான். கடைசியில் தோணி மூன்றும் விழுந்து மணி அடித்தது. பாய் கட்டிலில் உட்கார்ந்து, "நீங்க போயிட்டு வாங்கண்ணே, நான் பொறவு பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். அண்ணன் அவர் தோளைத் தட்டினார். "விழுந்தது விழுந்ததுதான் பாய். பெட்டியைக் கட்டும்."

பாய் ஊருக்குப் போன பிறகு அண்ணன் கைப்பிடியைத் தொடவே இல்லை. எல்லா நாளும் தானே சமைத்தார். சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமே என்று எண்ணெய் போட நான் மெஷினின் பின்கதவைத் திறந்தேன். உருளை வந்து நிற்பதற்காக அதன் பக்கத்து வட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். மூன்றாவது உருளையில், சைக்கிள் படத்துக்குரிய பள்ளங்கள் மட்டும் தகரத் துண்டுகளால் அடைக்கப்பட்டிருந்தன. அந்த உருளை எவ்வளவு சுற்றினாலும் சைக்கிளில் நிற்கவே நிற்காது. ஒரு துண்டை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். அண்ணன் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தத் தகரத்தைக் கழட்டாதை தம்பி" என்றார்.

"ஏண்ணே இப்படிப் பண்ணினீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தார். "சுகமா இருக்கினம் எண்டு சொன்னது பொய். எங்க இருக்கினம் எண்டே எனக்குத் தெரியாது. ஷெல்லடிக்குள்ள நடந்த சனம். நான் போய்க் கேட்டு, அவை இல்லையெண்டு ஆரும் சொல்லிப்போட்டால் நான் என்ன செய்யிறது? போகாத மட்டும் ரெண்டு பேரும் எங்கையோ இருக்கினம்." பிறகு கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்டினார். நான் பின்கதவைச் சாத்தினேன்.

பாய் திரும்பி வந்து சில வாரம் கழித்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு போன் வந்தது. கனடாவில் இருக்கும், அண்ணனுடைய மனைவியின் தம்பி. நாங்கள் ஷார்ஜாவிலிருந்து அல் கூஸுக்கு மாறியபோது போன் நம்பரும் மாறியிருந்தது. புது நம்பரைத் தேடிப் பிடிக்க அந்தப் பையனுக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. அண்ணன் ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார். ரிசீவரை வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இருக்கினமாம்" என்றார். பாய் சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொண்டார். அண்ணன் அந்தப் பிடியிலிருந்தபடியே மீதியைச் சொன்னார். "பெருநாளுக்கு வாறன் எண்டு, அவை வீட்டை விட்டு நடக்க முன்னம், கடைசிக் கடிதத்தில எழுதினனான். அதை நம்பி, வன்னியை விட்டு வெளியில வரப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்தவையாம். லொட்ஜில இருந்தவையாம். துபாய் பிளேன் வாற நேரமெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எயாப்போட்டில போய் நிண்டவையாம். பாஸ் முடிய, திரும்பி உள்ளுக்குப் போயிட்டினம்." என் பக்கம் திரும்பினார். "வந்தவை தம்பி. நான்தான் போகேல்லை."

அந்தத் தகரத்தைப் பற்றி நான் பாயிடம் பிறகுதான் சொன்னேன். அவர் சுவரோடு முகத்தை வைத்து அழுதார். அண்ணன் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனார். வவுனியாவுக்கு அப்பால் ராணுவம் விடவில்லை, எப்படியும் உள்ளே போய்விடுவேன் என்று ஒரே ஒரு முறை போனில் சொன்னார். அதன் பிறகு பேச்சில்லை. நான் ஊருக்கு வரும்போது மெஷினைப் பாயிடம் விட்டுவிட்டு வந்தேன். அதை இப்போது கீழக்கரை வீட்டில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் இழுத்து விளையாடுகிறார்களாம்.

அந்த வன்னியில் பிற்பாடு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விசாரிக்க வழி இல்லாமல் இல்லை. கனடா நம்பர் பாயிடம் இருக்கிறது, ஒரு போன் போதும். பெருநாளுக்குப் பெருநாள் பாய் என்னைக் கூப்பிடுவார். மழை, முழங்கால் வலி, மீன் விலை எல்லாம் பேசுவோம். அந்தப் பையனிடம் கேட்டீர்களா என்று நான் இதுவரை பாயிடம் கேட்டதில்லை. கேட்கட்டுமா என்று அவரும் என்னிடம் கேட்டதில்லை.