ஒப்புக்குக் கீறிய மரம்

பேய், சாமியாட்டம் எதையும் நான் நம்பியவனில்லை, இதை நீங்களும் நம்ப வேண்டாம், ஆனால் பொய்யில்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருஷம். நான் காட்டிலாகாவில் வேலை பார்த்தேன். பேச்சிப்பாறை அணைநீர் சூழ்ந்து தீவாகிவிட்ட ஒரு குன்றில் பெரிய நாங்கு மரங்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டிருந்தன, ஏனென்று பார்க்க என்னை அனுப்பினார்கள். மனைவி பிரசவத்துக்கு இரணியல் போயிருந்ததால் ஆறு வயது வள்ளியையும் கூட்டிப்போய், கரையிலிருந்த முகாமில் சமையற்காரி தங்கம்மையிடம் விட்டிருந்தேன்.

வேரைத் தோண்டினேன், மண்ணைப் பார்த்தேன், பட்டையைச் சீவினேன், பூச்சியும் இல்லை புழுவும் இல்லை. கடைசியில் ஒப்புப் பார்க்க நல்ல மரம் ஒன்றையும் கீறப் போனபோது, வழிகாட்ட வந்த மலைவாசி, காணிக்காரர் மாதன் என் கையைப் பிடித்தார்.

“சாரே, நல்லதைக் கீறணும்னா, எதுக்குன்னு சொல்லிட்டுக் கீறும்.”

“மரத்துக்கு மனு போடணுமாவே?” என்று சிரித்துக்கொண்டே நெஞ்சுயரத்தில் பட்டையை உரித்தேன். மாதன் சிரிக்கவில்லை. அப்போது உச்சிவேளை.

வள்ளத்தில் கரைக்கு வந்தால் வள்ளிக்கு அனல் பறக்கும் காய்ச்சல். உச்சிவேளையில் விளையாடிக்கொண்டிருந்தவள் ‘அப்பா’ என்று அலறி விழுந்தாளாம். என்னைக் கண்டதும் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்பா, நல்லாத்தான இருந்தேன். என்னத்துக்குக் கீறுனிய?”

“யாரு மக்ளே கீறுனா?” என்று சட்டையை விலக்கிப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு கோடுகூட இல்லை. குன்றில் நடந்தது மாதனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது, அவரோ இன்னும் வள்ளத்தைத்தான் கட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பமே திரும்பிப் போய்ச் சொல்லிட்டு வாரும்” என்றார் மாதன். படித்தவன் மரத்திடம் போய்ப் பேசுவதா என்று கூச்சப்பட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தக்கலை டாக்டரிடம் ஓடினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, மருந்தினால்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்த மரத்தின் உச்சி காய்ந்திருந்தது. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், யார் கேட்டுச் சிரித்திருக்கப் போகிறார்கள்?

வள்ளிக்கு இப்போது பதினொரு வயது. அந்த நாள் அவளுக்கு நினைவில்லை, மாதன் சொன்னதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதுமில்லை. போன வாரம் அவள் காலில் முள் தைத்தது, ஊசியோடு குனிந்தேன், அவள் காலை இழுத்துக்கொண்டு, அப்பா என்றுகூடக் கூப்பிடாமல், என் முகத்தையே பார்த்தாள்.

“எதுக்குன்னு சொல்லிட்டுக் கீறும்.”